விழாத பனி

மாமாவின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அம்மாவின் தம்பி அவர். கோயம்புத்தூரில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவர். பொங்கல் லீவுக்கு வந்து எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு போனார்.

குன்னூருக்கு மேலே ஒரு பள்ளத்தில் துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து அம்மா தேயிலை நாற்று நட்டிருந்தாள். காலமெல்லாம் அடுத்தவர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவளுக்கு முதன்முதலாகச் சொந்தமாக நாலு செடி. தை பிறந்தால் சாயங்காலமே பெரணித் தழையை வெட்டி வந்து நாற்றுகளின் மேல் கூரை போலப் போட்டுவிடுவாள். கேட்டால், பனி விழாமல் இருக்க என்பாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மாமாவுக்கு அந்தச் சொல் பொறுக்கவில்லை. "பனி வானத்துல இருந்து விழறதில்லீங்க்கா. மண்ணுச் சூடு மேல போயிருது, காத்துல இருக்கற ஈரம் இலைமேலயே உறைஞ்சுக்குது. விழாததுக்கு எதுக்குக் குடை?" என்று சிரித்தார். செல்போனில் ஏதோ படத்தையும் காட்டினார். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய ஒரே ஆள் சொல்கிறானே என்று அம்மா அன்றைக்குத் தழை வெட்டப் போகவில்லை.

விடிந்து போய்ப் பார்த்தால் நாற்றெல்லாம் வெள்ளை வெளேர் என்று நின்றன. வெயில் ஏற ஏறக் கருகிப்போயின. மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "நேத்துப் பனி ரொம்ப விழுந்துருச்சுங்க்கா" என்றாரே பார்க்கலாம்!

அம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதுனவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க? என்ற நாத்தைக் கெடுத்துட்டயேடா பாவி!"

மத்தியானமே மாமா பஸ் ஏறிவிட்டார். அம்மா மறுபடியும் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போனாள்.

மாமா சொன்னது பொய்யில்லை. பனி விழுவதில்லைதான். ஆனால் மேலே போகிற சூட்டை அந்தத் தழைதான் மறித்து வைத்திருந்தது. அது அந்த மேதைக்குத் தோன்றவில்லை. அம்மாவின் சொல்லைத் தூக்கியெறிந்த வேகத்தில் தழையையும் சேர்த்தே எறிந்துவிட்டார்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்று உண்டு. வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்று பெரிய பெரிய அறிஞர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். அதனால்தான் அது பாய்கிறது என்றார்கள். அப்படித் திரவம் ஏதும் இல்லை என்று ஆன பிறகும் பாடப்புத்தகத்தில் வெப்பம் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று நானும் வகுப்பில் அப்படித்தான் நடத்துகிறேன், ஒருவரும் சிரிப்பதில்லை. அவர்கள் பழைய சொல்லை வைத்துக்கொண்டால் அறிவியல், என் அம்மா வைத்துக்கொண்டால் மட்டும் பட்டிக்காட்டுத்தனமா? பஸ்ஸுக்குக் கிளம்பிய மாமாவை வழிமறித்து இதைக் கேட்க, அன்று எனக்கு வயதும் இல்லை, வார்த்தையும் இல்லை.