பழைய ஷாக் அப்சார்பர் இரண்டும் எங்கள் பால்கனியில்

எங்கள் ஏழு சீட்டர் வண்டியில் அம்பத்தூரிலிருந்து திருவேற்காடு போய்ச் சேர்வதற்குள், பின் சீட்டில் குலுங்கிக்கொண்டே வரும் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிடுகிறாள்.

இன்று ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் ஒழுகுகிறதாம்.

"நீங்களே ஆயிலைத் தடவலைன்னு என்ன நிச்சயம்?" என்று மெக்கானிக்கிடம் கேட்டே விட்டேன்.

மனிதர் கோபப்படவில்லை. "தொடச்சிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிக்கினு வாக்கா. அப்பால பேசலாம்."

குழந்தையின் வெட் வைப்ஸால் நானே துடைத்தேன். கொரட்டூர் வரை போய் வந்து பார்த்தால், மறுபடியும் ஆயில்.

சரி, மாற்றலாம். புது டப்பாவை என் கண்முன்னால் பிரிக்கச் சொன்னேன். பழசுக்குப் பெயின்ட் அடித்து வேறு யார் வண்டியிலாவது மாட்டிவிட்டால்? அதனால் பழசு இரண்டையும் கேட்டு வாங்கினேன்.

"ஊட்டுக்கு எட்த்துக்கினு போயி இன்னாக்கா பண்ணப் போற? சாம்பார்ல போடுவியா?" என்று சிரித்தபடி பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் மகள் தூங்கிக்கொண்டே வந்தாள். வாந்தி இல்லை.

ஆனால் அவர் கழற்றும்போது நான் மகளை பாத்ரூமுக்கு அழைத்துப் போயிருந்தேன். பால்கனியில் கிடப்பது எங்கள் வண்டியுடையதுதானா?

கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பேசாமல் தூங்கு" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை என் கணவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.