மாலை கழற்றாத சாமி

பஸ்ஸில் எனக்கு முன்னால் யாரோ பீடி பற்றவைக்கிறார். முதல் இழுப்பில் கருகுவது இலை, புகையிலை அதற்கப்புறம்தான். இலை கருகும் அந்த வாசனை வந்தால் என்னால் உட்கார முடிவதில்லை. இறங்கும் இடம் இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுந்து நிற்கிறேன், கம்பியைப் பிடிக்கிறேன், விடுகிறேன். அண்ணன் நினைவுக்குள் வந்துவிட்டான்.

எழுபதுகளில் அவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் டீ மாஸ்டர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு பிழைக்க வந்தவன், என்னையும் கூட்டிவந்து கல்லூரியில் சேர்த்தான். நான் உளவியல் எம்.ஏ. படித்தேன். இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நெஞ்சு சீழ்க்கையடித்தது. நான் படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் குழலை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு ஒரே வரி சொன்னார்: "பீடி வேணோ, ஸ்வாசம் வேணோ, தீருமானிச்சோ."

பீடியை எப்படி விடவைப்பது என்பதற்கு என் புத்தகத்தில் விடை இருந்தது. நோய் தனக்கும் வரும் என்று ஒருவன் நம்ப வேண்டும். அது பெரிய கேடு என்று நம்ப வேண்டும். விட்டால் கிடைப்பது, விடுவதில் உள்ள கஷ்டத்தைவிடப் பெரிதாகத் தெரிய வேண்டும். கடைசியில் ஏதோ ஒன்று அவனைத் தட்டி எழுப்ப வேண்டும். அண்ணனுக்கு விளக்கினேன். பாய்லருக்குக் கரி அள்ளியபடி கேட்டான்.

"நம்புகேன்ல. மூச்சு முட்டும்போ நம்பாம பின்ன என்ன செய்ய? இனி அந்தத் தீப்பெட்டிய எடு."

ஆனால் கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டால் போதும், அன்றைக்கே பீடி நின்றுவிடும். கை நடுங்காது, முகம் சிடுசிடுக்காது. எப்படி என்று கேட்டால் சிரிப்பான். "விட்டது நானா? சாமியாக்கும்." மலையிறங்கி வந்து, விளக்கு முன்னால் மாலையைக் கழற்றி, உடைத்த தேங்காயை மதினி பங்குவைத்து முடிப்பதற்குள் தெருமுனையில் நிற்பான். வாயில் பீடி இருக்கும். ஒவ்வொரு வருஷமும் இதுதான்.

எனக்குள் ஏதோ துள்ளியது. "அண்ணே, இந்த வருஷம் மாலையக் கழட்டாதே." உடனே சம்மதித்தான். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது அவனுக்கும் பயம் இருந்ததால்தான்.

தை போயிற்று, மாசி வந்தது. அண்ணன் கறுப்பு வேட்டியும் தாடியுமாகவே டீ ஆற்றினான். சீழ்க்கை குறைந்தது. நான் மட்டும் நிலைகொள்ளாமல் வீட்டுக்கும் கடைக்கும் நடந்தேன். ஒருநாள் காலை, ஈரத்தலையோடு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த மதினி என்னை நிறுத்தினாள்.

"தம்பி, ஒங்க புஸ்தகத்துல பொண்டாட்டின்னு ஒரு பாடம் உண்டுமா?"

"இல்ல மதினி."

"அப்போ எழுதினவன் கல்யாணம் கெட்டாதவனாக்கும். இங்க பாருங்க, விடியுமுன்ன குளிச்சுக் குளிச்சு எனக்குச் சளி பிடிச்சாச்சு. மீன்சட்டியில எட்டுகாலி வலை கெட்டியாச்சு. அவரு தனிப்பாய். பிள்ளைக அப்பாவ சாமின்னு விளிக்குதுக. எனக்குச் சாமி வேண்டாம். மூச்சுள்ள மாப்பிள்ளை வேணும்."

அன்று விளக்கேற்றி அண்ணனை முன்னால் நிறுத்தினாள். அவன் மாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

"இதெ எடுத்தா நான் பழைய ஆளாயிருவேன்டி."

"ஆகாண்டாம். நான் சாமின்னுதான் விளிப்பேன். ஆகுறத பாப்போம்."

கழற்றினான். மறுநாள் வீடே மணத்தது. "சாமி, மீன் இன்னொரு துண்டு வைக்கட்டா?" என்றாள் மதினி, முகத்தில் சிரிப்பில்லாமல். அண்ணனுக்குப் புரையேறியது. கடைக்கும் அது பரவியது. "சாமியே, ஒரு ஸ்ட்ராங் சாயா!" பீடிக்காக இடுப்பு மடிப்புக்குப் போகும் அவன் கை, அந்தக் குரலில் பாதி வழியில் திரும்பும். சில நாள் திரும்பாது. எது எந்த நாள் என்று தெரியாமல் நான் ஆணியில் தொங்கும் அவன் சட்டையை முகர்ந்து பார்ப்பேன்.

"தம்பி என்ன போலீஸ் நாயா?" என்றாள் மதினி. ஆனால் எனக்கு முன்பே அவளும் முகர்ந்திருப்பாள்.

எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணன் என் டிரங்குப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தான். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. இறக்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெல்லிய சீழ்க்கை. சுற்றிலும் பீடிப் புகை. அதில் அவனுடையதும் உண்டா என்று தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து குனிந்தேன்.

"என்னல, மோப்பம் பிடிக்கியா?"

"அண்ணே, பீடி..."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே இரண்டெட்டு வந்து, மூச்சு வாங்க நின்றான்.

"இன்னைக்குத் தொடல. நாளைக்குள்ளத நாளைக்குக் கேளு."