வானத்து அரண்மனைக்கு முதுகு காட்டி நின்றவள்

சினிமாக் கொட்டகையில் வேலை பார்ப்பவளுக்குக் கிடைக்காத ஒரே பொருள் சினிமாதான். கல்யாண வீட்டில் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுப் பசியோடு வீடு திரும்பியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். ஐம்பதுகளில் மதுக்கரைப் பக்கத்து டூரிங் கொட்டகையில் பொம்பளைங்க வாசல் என் பொறுப்பு. டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டதும், திரைக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்தே நிற்க வேண்டும். மேனேஜர் போட்ட சட்டம் அது.

கடலுக்குள் ஒரு ஊர்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓடிய படத்தில் கடலுக்கு அடியில் ஒரு ஊர் வரும். முதுகுக்குப் பின்னால் அலைச் சத்தம். ஓரக்கண்ணில் பார்த்தால், மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள், ஈரம் பட்டுவிடும் என்பதுபோலச் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு நிலைகொள்ளுமா? மெதுவாகத் தலையைத் திருப்பினேன். ஒரு மீனின் வால்தான் கண்ணில் பட்டது. பக்கத்தில் மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

"கடலு எங்கயும் போயராதுங்க அம்மணி. நீங்க வாசலப் பாருங்க."

மாராத்தாள் சொன்ன கதை

அடுத்த வருசம் வந்ததுதான் அந்தப் படம். ஏரித் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஓர் அரண்மனை எழும்பி, வானத்தில் ஏறிப் போகுமாம். அதை ஒரே ஒரு தடவை, முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஆசை என்றால், சோறு தின்னும்போதும் அதே நினைப்பு.

வெளியே வருகிறவர்களையெல்லாம் கேட்டேன். அன்னப்பட்சி இழுத்துப் போகிறது என்றாள் ஒருத்தி. பட்சியும் இல்லை கிட்சியும் இல்லை, வெறும் புகை என்றாள் இன்னொருத்தி. கடைசியில் மாராத்தாளைப் பிடித்தேன். சிமெண்டு ஆலையில் சாக்கு உதறுகிற வேலை அவளுக்கு. புருவமெல்லாம் சாம்பல் பூத்திருக்க, வேலை விட்டதும் நேரே கொட்டகைக்கு வந்து முன்வரிசை மணலில் உட்கார்ந்துவிடுவாள். ரெண்டு கையையும் தூக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். கை தலைக்கு மேலே போனதும் நிறுத்திக்கொண்டாள்.

"போங்கக்கா, வாயில சொன்னா அரமனை கீழ உழுந்துபோடுது."

தலைப்பாகைக்காரர்

அந்த நேரத்தில் மட்டும் திரும்பிப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். அரண்மனை கிளம்பும்போது முரசு அதிரும். அதிர்ந்ததும் கைக்குழந்தைகள் வீலென்று கத்தும். தாய்மார் படத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். பிள்ளையை என் இடுப்பில் ஏற்றிவிடுவார்கள். டிக்கெட் எடுக்காதவர்கள் தட்டிக்கு அடியில் நுழைவதும் அப்போதுதான்.

ஒருநாள் அப்படித் தவழ்ந்து வந்தவரை, குழந்தையும் இடுப்புமாகப் போய் மறித்தேன். பார்த்தால் வயசான மனுசர், தோளில் சரிகைத் துண்டு. ஆண்கள் பக்கத்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் அரண்மனை போய்விட்டது. அவர் சொன்ன நியாயம்தான் இன்னும் காதில் நிற்கிறது.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. அங்க முன்னால ஒருத்தரு தலைப்பா கட்டிட்டு உக்காந்து, பாதி அரமனைய மறைக்கறாருங்க."

கடைசி நாள்

விடிந்தால் படப்பெட்டி ஆனைமலைக்குப் போகிறது. சாயங்கால ஆட்டத்தில் மாராத்தாள் என் பக்கத்தில் வந்து, "நானு நிக்கறேன். நீங்க போய் என்ர எடத்துல உக்காருங்கக்கா" என்றாள். மேனேஜர் பார்த்தார், அன்றைக்கு என்னவோ கனைக்கவில்லை.

மணலில் போய் உட்கார்ந்தேன். முரசு அதிர்ந்தது. ஏரி நடுவில் ஒரு கோடு விழுந்தது. அந்தச் சமயத்தில் பின்னால் ஒரு குழந்தை வீலென்றது. யார் பிள்ளை என்று என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. திரும்பியவள் அப்படியே இருந்துவிட்டேன். அத்தனை முகத்திலும் வெள்ளி வெளிச்சம் ஏறி ஏறி இறங்குகிறது. வாசலில் மாராத்தாள், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திரைக்கு முதுகு காட்டி, என்னைப் போலவே நிற்கிறாள். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இடித்தாள்.

"ஏனுங்கக்கா, படம் அந்தப் பக்கமுங்க."

திரும்பியபோது ஒரு கோபுரத்தின் நுனி மட்டும் மேகத்துக்கு வெளியே மிச்சமிருந்தது; அந்த நுனியை வைத்துத்தான் கீழே உள்ள அரண்மனையை இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.