அஞ்சலை காட்டிய ஓடை

லகாட் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் இருபத்தேழு வருஷமாக டிரஸ்ஸர்; காயம் கட்டி மருந்து கொடுப்பவன். கொசுக் காய்ச்சல் பரவியபோது, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த ஏழு குட்டைகளிலும் கரண்டியால் நீர் மொண்டு கொசுப் புழுக்களை எண்ணினேன்.

பால்மரம் வெட்டும் அஞ்சலை வந்து, "குட்டையில இல்லீங்க ஐயா. வெயில் படுற ஓடையிலதான் புழு நெளியுது, நான் பாத்தேன்" என்றாள்.

"பால் வெட்டுற நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? ஓடுற தண்ணியில ஏது புழு?" என்று சிரித்தேன். அவள் சொன்னதை எழுதவில்லை.

அதற்குப் பதினாறாம் நாள் அவள் மகள் காய்ச்சலில் இறந்தாள். மறுநாள் ஓடைக்குப் போனேன். ஒரே கரண்டியில் இருபத்திரண்டு புழுக்கள். அருகில் நின்ற அஞ்சலை, "இப்ப எழுதிக்குங்க ஐயா" என்றாள்.

இப்போதெல்லாம் எண்ணுவதற்கு முன் தண்ணீர் எடுக்கும் பெண்களைக் கேட்கிறேன். பெரிய டாக்டருக்கு அனுப்பும் தாளில், கண்டுபிடித்தவர் என்று அஞ்சலையின் பெயரை எழுதினேன். கூலிக்காரி பெயர் எதற்கென்று அவர் ஆபீஸில் இருமுறை அதை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.