ஓமனா அழித்த நம்பர்

ஓமனாவுக்குப் பயப்பட ஒரு காரணம் கிடைத்தால் போதும், அன்றைய பொழுது போய்விடும். மழை பெய்தால் மரம் விழும் என்று பயம், வெயில் அடித்தால் கிணறு வற்றும் என்று பயம். வீட்டில் யாராவது இருமுவதென்றால்கூட அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இருமுவார்கள். இப்படிப்பட்டவள் தலையில்தான் அந்தப் பழைய ஹைபிரிட் காரைக் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார் கணவர் சதாசிவன்.

பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி ஓட்டுகிற வண்டி அது. பாலராமபுரத்தில் கைத்தறிச் சேலை எடுத்துப் பாறசாலைப் பக்கத்து வீடுகளில் விற்பதற்கு அவளுக்கு அது வேண்டும். ஆனால் பின்சீட்டுக்கு அடியில் பெரிய பேட்டரி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த நாள் முதல் நெஞ்சு ஒரு நிலையில் இல்லை.

மெக்கானிக் ரெத்தினதாஸ்தான் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகிக் கொடுத்தான். வண்டியில் கோளாறு வந்தால் போனில் ஒரு நம்பர் விழும். அதை வாசித்துச் சொன்னால் அவன் விஷயத்தைச் சொல்வான். ஓமனா அதைக் கற்றுக்கொண்டாள். நம்பருக்குக் கீழே அழிப்பதற்கு ஒரு பொத்தான் இருப்பதையும் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். அதை அமுக்கினால் விளக்கு அணைந்துவிடும். அப்பாடா என்று இருக்கும். ரெத்தினதாஸிடம் அவள் ஒரு நம்பரையும் இதுவரை சொன்னதில்லை.

மகள் அனகாவுக்கு ஏழாம் மாதம். அவளை மாமியார் வீட்டிலிருந்து பிரசவத்துக்கு அழைத்துவர ஒற்றசேகரமங்கலத்துக்குப் போனாள் ஓமனா. முதல் பிரசவத்துக்கு வருகிற பெண் புதுத்துணியில் உட்கார்ந்து வர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கஞ்சி மொடமொடப்புப் போகாத கோடி வேட்டி இரண்டைப் பின்சீட்டில் விரித்து, குலுக்கலில் நழுவிவிடக்கூடாதே என்று கதவோரம்வரை இழுத்து அழுத்திச் செருகினாள். அனகா அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நல்ல உச்சி வெயில். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. சட்டென்று முன்னால் சிவப்பு முக்கோணம் எரிந்தது. போனில் P0A7E என்று விழுந்தது. ஓமனா என்ன ஏதென்று பார்க்கவில்லை, விரல் அதுவாகவே போய் அழித்துவிட்டது. வளைவு திரும்புவதற்குள் முக்கோணம் மறுபடி எரிந்தது. வண்டி இழுக்கவில்லை.

வண்டி தீப்பிடித்து எரிகிற வீடியோ எத்தனை பார்த்திருப்பாள்! பேட்டரி கீழே, அதன்மேல் பிள்ளை, பிள்ளைக்குள் இன்னொரு பிள்ளை. வண்டியை ஓரங்கட்டினாள்.

"மக்கா, எறங்கு! எறங்கு!"

அனகாவை ரப்பர் மரத்து நிழலில் ஓடைமேல் கட்டிய கலுங்குத் திண்டில் உட்காரவைத்துவிட்டு, தள்ளி நின்று ரெத்தினதாஸைக் கூப்பிட்டாள்.

"நம்பர் என்னாக்கும் அக்கா?"

"இப்ப வந்ததா, மொதல்ல வந்ததா?"

"மொதல்லயும் வந்துதா? அது எங்க?"

"அழிச்சுப்போட்டேன்."



"அக்கா, அது வந்த நேரத்துல சூடு எவ்வளவுன்னு அதுல பதிஞ்சு கெடக்கும். அழிச்சா அதும் போச்சு. விளக்கு அணஞ்சதுன்னு கேடு போவுமா? செரி, இப்ப உள்ளத வாசிங்க."

எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

"பேட்டரி சூடாயிட்டு. பின்சீட்டுக்குப் பக்கத்துல, கதவோரம், காத்து இழுக்க ஒரு சல்லடை உண்டு. அத துணி வல்லதும் மறைச்சிருக்கா?"

அவள் போய்ப் பார்த்தாள். கோடி வேட்டியின் முனை சல்லடையோடு ஒட்டிக் கிடந்தது. தன் கையால் அழுத்திச் செருகிய முனை. இழுத்து எடுத்தாள். பின்னால் பழைய சேலைப் பஞ்சும் திரண்டு இருந்தது. அதையும் நோண்டி எடுத்தாள்.

"கொஞ்சம் ஆறட்டு. பெறவு ஏசி போட்டு மெதுவா வாங்க. விளக்கு எரிஞ்சா எரியட்டு, அழிக்க வேண்டாம்," என்று சொல்லி அவன் வைத்தான்.

கோடி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓமனா கலுங்குக்கு வந்தாள். அனகா தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வீட்டுக்கு வேண்டாம். நெய்யாற்றின்கரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு மக்கா?"

"ரெண்டு நாளா தலவேதனை. இப்ப கண்ணும் மங்குது."

"நேத்து போன்ல சொகம்ன்னு சொன்னியே!"

"சொன்னா அம்மா பயப்படுமேன்னு சொல்லல்ல. அங்க மாமிட்டயும் சொல்லல்ல. சொன்னா அவுங்க அம்மாவ போன்ல விளிப்பாங்க."

 தனக்குத் தெரியாமல் கடைசிவரை மறைந்து இருமிய சதாசிவனின் ஞாபகம் ஓமனாவுக்கு வந்தது. அழுகை முட்டியது. அழுதால் இவள் மறுபடி வாயை மூடிக்கொள்வாளே என்று அதை விழுங்கினாள்.

அந்த ரோட்டில் அந்நேரம் ஆட்டோ கிடைக்காது. வண்டி ஆறியதும் ஏசி போட்டு அதிலேயேதான் போனார்கள். சிவப்பு முக்கோணம் அணைந்தும் மஞ்சள் விளக்கு ஒன்று வழியெல்லாம் எரிந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. போனை மட்டும் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரஷரைப் பார்த்த டாக்டரம்மா உடனே கட்டிலில் படுக்கச் சொன்னார். "பிரஷர் ரொம்பக் கூடிக் கெடக்கு. இன்னைக்கு வந்தது நல்லதாப் போச்சு," என்றார். 

ஊசி போட்டு நர்ஸ் போனபிறகு ஓமனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்தாள். 

"இன்னும் என்னெல்லாம் உண்டு? சொல்லு மக்கா."

"அம்மா பயப்படுமே."

"பயப்படுவேன். நீ சொல்லு."

அனகா போர்வையை விலக்கி, வீங்கிய காலை முதலில் காட்டினாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். நிறையவே இருந்தது.