என் கீழாநெல்லி ஜெயித்த வாரம்

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே எனக்கு வைத்தியம் தெரியும் என்று திடமாக நம்பினேன். பின்னே? காசிமேட்டில் எங்கள் தெருவிலேயே கீழாநெல்லியையும் வெறும் களையையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரே சிறுமி நான்தான். இலைக்காம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் வரிசையாகக் குட்டிக் காய்கள் தொங்கினால் அதுதான்.

அந்த வருடம் மாமாவுக்கு டிபி வந்தது. அம்மாவின் தம்பி அவர். லாஞ்சில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இருமலோடு எங்கள் வீட்டில் வந்து படுத்துவிட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை அட்டைகளோடு திரும்பினார். என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டதற்கு, "ஆறு மாசம் வுடாம போடச் சொன்னாங்க" என்றதோடு சரி.

சில நாளில் மாமா கழிவறையில் தண்ணீர் ஊற்ற மறந்தார். அங்கே கிடந்த செம்மஞ்சள் சிறுநீரை அம்மா பார்த்துவிட்டாள். இந்த மாத்திரை ஈரலைத் தின்றுவிடும் என்று மீன் ஏலத்தில் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். உடனே எங்கள் வீட்டுப் பரிசோதனை நடந்தது. சிறுநீரில் ஒரு பிடி சோற்றை ஊறப்போட்டுக் கழுவிப் பார்க்க வேண்டும். சோறு மஞ்சளானால் காமாலை. மாமாவின் சோறு பிரியாணி நிறத்தில் இருந்தது.

"ஈரல் பூட்ச்சேடா தம்பி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் பள்ளிக்கூடம் போகுமுன் ரயில்வே சுவரோரம் கீழாநெல்லி பறிப்பது என் பொறுப்பு. அம்மா அதை வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பாள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது. மீன் விற்கிற வீட்டில் மாமாவுக்கு மீனும் கூடாது. சாயங்காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சோற்றைக் கழுவிப் பார்ப்பதும் நான்தான்.

நான்காம் நாள் சோறு வெளிறியது. ஐந்தாம் நாள் வெள்ளை வெளேர் என்று இருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். மாமா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் சுகாதார நிலையத்து அக்கா மாமாவைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே மறித்தேன்.

"அக்கா, மாமாக்கு ஒண்ணுக்கு வெள்ளையாயிட்ச்சிக்கா! நான் பறிச்சாந்த கீழாநெல்லி!"

பாராட்டுக்காகக் காத்து நின்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. என்னைத் தாண்டி உள்ளே போய் மாமாவிடம், "எத்தினி நாளா மாத்திரை போடல?" என்றாள்.

"போடாம இன்னா? தெனம் நாந்தான் கையில குடுக்குறேன்" என்று அம்மா சண்டைக்குப் போனாள்.

மாமா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். நான்கு நாள் மாத்திரைகள் அதில் இருந்தன.

"பச்சிலையும் இதுவும் சேந்தா ஈரல் வெந்துடும்னாங்கக்கா. பாப்பா தெனம் ஓடிப் போயி பறிச்சாருது. அத்த எப்பிடி வேணான்றது?" என்று சொன்னவர் அழுதுவிட்டார். அதுவரை மாமா அழுது நான் பார்த்ததில்லை.

சிறுநீரில் வந்த செம்மஞ்சள், பொட்டலத்தில் இருந்த சிவப்பு மாத்திரையின் நிறம்தான், நோயில்லை என்றாள் அக்கா. முதல் நாளே ஆஸ்பத்திரியில் மாமாவிடம் சொன்னதுதானாம். "மாத்திரையால ஈரலுக்குக் கெடுதல் வரலாம், பொய்யில்ல. அதுக்குத்தான் ரத்த டெஸ்ட் கீது. வாந்தி வந்தாலோ கண்ணு மஞ்சளானாலோ ஓடியா. நீயா நிறுத்தாத. டாக்டரைக் கேக்காம பச்சிலையும் குடிக்காத." கையோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்தும் போனாள். ரத்த டெஸ்டில் ஈரல் நன்றாகவே இருந்தது. மாமாவின் தட்டுக்கு மீன் திரும்பி வந்தது, டாக்டர் சொன்னபடி மாத்திரையும் தொடர்ந்தது.

மாமா இன்றும் கடலுக்குப் போகிறார். நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறேன். ஈரல் டெஸ்ட் என்று சீட்டு வரும்போதெல்லாம், மாமா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அடுத்த நாள் காலை நடந்ததுதான் நினைவுக்கு வரும்.

மாமா அன்று கழிவறையில் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றாமல் வந்தார். பழையபடி செம்மஞ்சள். நான் அலறிக்கொண்டு அம்மாவை இழுத்து வந்து காட்டினேன். எட்டிப் பார்த்த அம்மா, அந்த வியாதி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். என் வைத்தியம் தோற்றுப் போனதில் இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று நான் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.