நீராவிக்கு அடங்காத துணி

ஜப்பானில் முடிச்சுச் சாயத் துணிக்குப் பேர்போன அரிமாட்சுவில் முடிச்சுக்காரப் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சுதான் போடுவார்கள். ஓவாகி ஃபுசாயேவின் முடிச்சு சிலந்தி. துணியைக் கொக்கியில் மாட்டி, விரலால் மடிப்புகளைத் திரட்டி, அடியிலிருந்து நுனிவரை நூலை இறுக்கிச் சுற்றுவார். சாயமேற்றிப் பிரித்தால் வலை விரியும். அவர் பாதியில் விட்டதை இன்னொருவர் முடிக்க முடியாது. இறுக்கம் மாறினால் வலை கோணிவிடும். பேருந்து ஓட்டுநரை மணந்தார். இரண்டு பிரசவத்துக்கு மட்டுமே கொக்கியை விட்டு எழுந்தார்.

கிமோனோ வேலை குறைந்தபோது நகோயாவிலிருந்து விளக்கு செய்பவர்கள் வந்தார்கள். பட்டு வேண்டாம், பாலியஸ்டர் போதும். சாயமும் வேண்டாம். முடிச்சோடு அழுத்தக் கொதிகலனில் வேகவைத்துப் பிரித்தால் துணியில் முள்முள்ளாகக் கூம்புகள் நிற்கும். அதுவே விளக்குக்குக் கூடு. கழுவினாலும் முட்கள் படுக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவர்கள் கேட்ட மாதிரித் துணி தேறாவிட்டால் பள்ளிச் சமையலறை வேலைக்குப் போவதென்று ஃபுசாயே முடிவு செய்திருந்தார்.

2009 நவம்பரில், நூல் பிரித்தவர்கள் அந்த மாதிரியை வழக்கம்போல் குராதாவிடம் அனுப்பிவிட்டார்கள். நீராவியில் சுருக்கம் எடுப்பவர் அவர். பிரித்த துணி எதுவானாலும் கடைசியில் அவரிடம்தான் போகும். இதில் சுருக்கத்தை எடுக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்து, பக்கத்துக் கொக்கியில் வேலை செய்யும் நானும் ஃபுசாயேவும் அங்கே ஓடியபோது துணி நீராவிமேல் கண்ணாடிபோல் இழுபட்டுக் கிடந்தது.

"வாம்மா. கன்னாபின்னான்னு சுருங்கியிருந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்."

"குராதாண்ணே, அந்தச் சுருக்கந்தான் சரக்கே," என்றார் ஃபுசாயே.

"மேடும் பள்ளமுமா அனுப்புனா ஊரு என்னைப் பாத்து சிரிக்காது?"

"இப்ப மட்டும் சிரிக்காதாக்கும். எறக்குங்க."

குராதா துணியை இழுத்துப் பிடித்திருந்த ஊசிகளைக் கழற்றி, அதை மேசையில் போட்டார். சூடு ஆறியது. ஓரத்தில் ஒரு கூம்பு மெல்ல எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு துணி முழுவதும், யாரும் தொடாமல், முள்முள்ளாக நிமிர்ந்தது. கொதிகலன் சூட்டில் பதிந்த வடிவத்தை இந்த நீராவியால் அழிக்க முடியாது என்பதை ஃபுசாயேவே எதிர்பார்க்கவில்லை.

குராதா விடவில்லை. மறுபடி ஏற்றி, பல்லைக் கடித்து இழுத்தார். இறக்கியதும் மறுபடி நிமிர்ந்தது.

"இதுவரைக்கும் எனக்கு அடங்காத துணியே இல்ல," என்றார். "உன் வெரலு இதுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்துச்சு?"

"திமிருதான்."

மறுநாள் மாதிரியைப் பார்க்க வந்த நகோயா விளக்குக்காரர், கழுவிப் பார்க்க வாளியில் தண்ணீர் கேட்டார்.

"தாராளமா கழுவுங்க," என்றார் ஃபுசாயே. "ஆனா குராதாண்ணேகிட்ட ரெண்டு தடவ மாட்டித் தப்பிச்சு வந்த துணி இது."

கழுவினார்கள். நனைந்த துணி கொடியில் முட்களை நிமிர்த்திக்கொண்டு தொங்கியது. அந்த வாரமே ஃபுசாயே பள்ளிக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.